ஞானகுமாரி தேடிய கட்டில்

ஞானகுமாரிக்கும் எனக்கும் பதினோரு வருஷப் பகை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவள் கீழ் வீடு, நான் மேல் வீடு. பகைக்குக் காரணம் ஒரு தகர ஷெட். அவள் கணவர் செபாஸ்டியன் வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, மேலே தகர ஷீட் போட்டு, அறை மாதிரி ஒன்றை எழுப்பியிருந்தார். மழை பெய்தால் எங்கள் வீட்டில் டி.வி. கேட்காது. என் கொடியிலிருந்து பறக்கிற துணி அந்தத் தகரத்தில் விழுந்து துருக்கறையோடுதான் திரும்பி வரும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எஸ்டேட் ஆபீசில் மனு கொடுத்தேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் எல்லோரும்தான் ஷெட் போட்டிருக்கிறார்கள், காலி பண்ணும்போது அவர்களே இடித்துக் கொடுத்துவிடுவார்கள், அதுவரை அனுசரித்துப் போங்கள் என்றார்கள். மனு கொடுத்த விஷயம் அன்று மாலையே கீழ் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இடையில் என் கணவர் ரகுநாதனுக்கு டெங்கு வந்து படுத்தபோது, தினமும் காலையில் எங்கள் வாசலில் ஒரு தூக்கில் கஞ்சி இருக்கும். வைத்தது யார் என்று தெரியும். வைத்தவள் பேசமாட்டாள், எடுத்தவளும் பேசமாட்டாள். பத்தாவது நாள் நான்தான் தோற்றுப்போய், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். "காய்ச்சக்காரனுக்கு அவ்வளவுதான் போடணும்" என்றாள். அப்படித்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம்.

இந்த வருஷம் செபாஸ்டியனுக்குப் பதவி உயர்வோடு தெலங்கானாவுக்கு மாற்றல் வந்தது. ஜூனில் அவர் மட்டும் போனார். ஆகஸ்ட் கடைசி வரை வீட்டை வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அதற்குள் மகள் ரெனிதாவுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு ஞானகுமாரியும் கிளம்ப வேண்டும். ரெனிதா ஒரே பெண். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி கிடைத்திருந்தது. நாலரை வருஷப் படிப்பு. பிறந்து வளர்ந்த ஊரிலேயே தங்க இடம் தேடும் நிலைமை அந்தப் பெண்ணுக்கு.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பாடியில் செபாஸ்டியனின் தம்பி பெனிட்டோ இருக்கிறாரே, பிறகென்ன? பெனிட்டோ நல்ல மனிதர். அவர் மனைவி ஷர்மிளாவும் நல்ல மாதிரிதான். வங்கி வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள். போன் பண்ணி அவளே கூப்பிட்டாள். "ரெனிதா வந்துட்டா எனக்கும் ஒத்தாசையா இருக்கும் அக்கா" என்றாள். ஞானகுமாரி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"யக்கா, நாளைக்கு என்கூட அம்பத்தூர் வரீயளா? ஹாஸ்டல் பாக்கணும்" என்றாள்.

"பாடி என்னாச்சு?" என்றேன்.

"அது சரிப்படாது" என்று மட்டும் சொன்னாள்.

அவளோடு ஹாஸ்டல் பார்க்கப் போவது தனி அனுபவம். வாசலில் இருக்கும் பளபளப்பான போர்டையோ வரவேற்பறை சோபாவையோ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பாள். தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்ப்பாள். மொட்டைமாடிக்கு ஏறித் துணிக்கொடியை இழுத்துப் பார்ப்பாள். கடைசியில் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்பாள். "இது இவளுக்கு மட்டுந்தானா? வேற ஆளு படுக்காதுல்லா?"

அம்பத்தூரில் பார்த்த முதல் இடத்தில் இந்தக் கேள்விக்கு நடத்துகிற பெண்மணி வெகு இயல்பாகப் பதில் சொன்னார். "நைட் ஷிப்ட் பொண்ணு ஒண்ணு கீது. அது பகல்ல படுக்கும், உங்க பொண்ணு ராத்திரி படுக்கும். ஒண்ணுக்கொண்ணு இடிக்காது." ஞானகுமாரி கட்டிலிலிருந்து சூடு பட்டவள்போல் எழுந்தாள். இரண்டாவது இடத்தில் குழாயைத் திறந்ததும் காற்றுதான் வந்தது. மூன்றாவது, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. கண்ணாடி மாதிரி தரை, நல்ல தண்ணீர், தனிக் கட்டில். ஆனால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும்தானாம். ஞானகுமாரி அந்த சிஸ்டரிடம் அரைமணி நேரம் மன்றாடினாள். சிஸ்டர் ஜெபிக்கிறேன் என்றார், இடம் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கால் வலி வேறு. "கட்டில்தானே ஞானம்? எங்க வீட்லயே ஒண்ணு போட்டுட்டா போச்சு" என்றேன். "அதுவும் அடுத்த வீடுதானக்கா" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

நான்காவதாகப் போனது பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதி. அறைக்கு மூன்று பேர். மூன்று கட்டில், மூன்று மேசை, மூன்று அலமாரி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. குழாயில் தண்ணீர் பீறிட்டது. மாடிக்கொடி கம்பியில் கட்டியிருந்தது. ஞானகுமாரி கட்டிலில் உட்கார்ந்து தன் கேள்வியைக் கேட்டாள். வார்டன் ஷோபனா மேடம், "ஆமாம்மா, ஒரு பொண்ணுக்கு ஒரு கட்டில். அதுல எதுக்கு சந்தேகம்?" என்றார். ஞானகுமாரி மகளைப் பார்த்து, "இதுதாம்ட்டி" என்றாள். ரெனிதாவுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. அன்றே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அப்பாவின் மாற்றல் உத்தரவு நகலையும் இணைத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நிராகரித்துவிட்டார்கள்.

புதன்கிழமை மதியம் மூவரும் ஓடினோம். ஷோபனா மேடம் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். நிரந்தர முகவரி என்ற இடத்தில் ரெனிதா அழகான கையெழுத்தில் குடியிருப்பு வீட்டு எண்ணை எழுதியிருந்தாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறுதான் இது. ஆதாரில் அந்த எண், ரேஷன் கார்டில் அந்த எண், பள்ளிச் சான்றிதழில் அந்த எண். அந்த வீடு நம்முடையது இல்லை, வேலை இருக்கும்வரை கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு மறந்துபோகும். விடுதியின் விதியோ, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் இடம் கிடையாது.

"மாற்றல் ஆர்டர் வச்சிருக்கோமே மேடம்" என்றாள் ரெனிதா.

"அப்பாவுக்குத்தானே மாற்றல்? நீங்க வீட்டை விட்டுட்டீங்கன்னு அதுல இல்லையே. லோக்கல்ல இருக்கறவங்க நிறைய பேர் இப்படி ஒரு லெட்டரோட வர்றாங்கம்மா. காலி பண்ணின சர்டிபிகேட் கொண்டு வாங்க. ஒரே ஒரு கட்டில் பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு லிஸ்டை மூடிடுவேன்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் நான் சொன்னேன், வெளியே வந்து, நல்ல சத்தமாக.

திரும்பி வரும் பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். ரெனிதாதான் ஆரம்பித்தாள். "பாடிக்கே போறேம்மா. சித்தப்பா ஊடு தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

ஞானகுமாரி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். மகளுக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து அவள் பாளையங்கோட்டைக்கு டீச்சர் பயிற்சிக்குப் போனவளாம். பதினோரு வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. தங்கியது சித்தப்பா வீட்டில். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஒத்தாசைக்கு என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. காலையில் இட்லி ஊற்றுவது, குழந்தையைப் பள்ளியில் விடுவது, வருகிற விருந்தாளிக்கு எழுந்து இடம் கொடுப்பது.

"எனக்குன்னு ஒரு கட்டில் கெடையாது பாத்துக்கோ. ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல பாய். யாராச்சும் சாமான் எடுக்க வந்தா எந்திரிக்கணும். சித்திக்குப் பிரசவம் வந்தப்ப ரெண்டு மாசம் காலேஜுக்கே போகல. வருகைப் பதிவு இல்லன்னு பரீட்சை எழுத விடல. வீட்டுக்குப் போயிட்டேன். அடுத்த தை மாசம் கல்யாணம்." அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "யாரு மேலயும் கோவம் இல்லட்டி. ஆனா நீ அடுத்தவங்க வீட்டுல இருந்து படிக்கக் கூடாது. அது மட்டும் நடக்காது."

ஆவடியில் இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எஸ்டேட் ஆபீசுக்குள் நுழைந்தாள். ஓவர்சியர் தங்கவேல் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், காலி பண்ணின சர்டிபிகேட் வேணும்."

"ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கேம்மா?"

"நாளன்னைக்கு மத்தியானம் வேணும் சார்."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வீடு குடுக்கறப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பித் தரணும், தெரியுமில்ல? ஷெட்டை இடிச்சு, கல்லை வாரி, சுவத்துக்கு வெள்ளையடிச்சு, லிஸ்ட்டுல இருக்கற சாமான் ஒண்ணு விடாம காட்டணும். அப்புறம்தான் கையெழுத்து. ஒன்றரை நாள்ல முடியுமா? சரி, முடிஞ்சாலும் நீங்க எங்க போய் இருப்பீங்க?"

ஞானகுமாரி அதை யோசித்திருக்கவில்லை. தெலங்கானாவில் இன்னும் வீடு ஒதுக்கவில்லை. அவள் விழித்ததைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே, "என் வீட்டில" என்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பத்து நாள் கஞ்சிக்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவுக்குள் விஷயம் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. வியாழன் காலை ஏழு மணிக்குக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டியது வெல்டர் பூபாலன். முத்தாபுதுப்பேட்டைக்காரன். செபாஸ்டியனுடைய செக்ஷன். தெரிந்தவருடைய குட்டியானை லோடு வண்டியையும் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னாக்கா நீ, ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? இந்த ஷெட்டுக்கு அண்ணாத்தே கூட நின்னு வெல்டிங் அடிச்சதே நானு. நானே பிரிக்கறேன். ரெண்டு நாளு லீவு சொல்லிகினு வந்துட்டேன்."

எங்கள் குடியிருப்பில் யாராவது காலி பண்ணினால் ஷிப்ட் இல்லாதவர்கள் வந்து கை கொடுப்பது வழக்கம். சாதாரணமாக அது ஒரு வாரம் இழுக்கும், டீ குடிப்பதும் கதை பேசுவதும்தான் பாதி வேலை. அன்று யாரும் கதை பேசவில்லை. ஆண்கள் தகரத்தைக் கழற்றினார்கள். பெண்கள் உள்ளே பாத்திரங்களை மூட்டை கட்டி மாடிக்கு ஏற்றினோம். பீரோ, கிரைண்டர், மாதா படம் எல்லாம் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. ரகுநாதன் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார, அந்த நாற்காலியையும் கேட்டார்கள்.

தகரம் போனதும் ஷெட்டுக்குள் வெளிச்சம் அடித்தது. அப்போதுதான் உள்ளே ஒழுங்காகப் பார்த்தேன். அது ரெனிதா படித்த இடம். மேசைக்கு மேலே சுவரில் மனித எலும்புக்கூடு ஒன்றைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வோர் எலும்புக்கும் பெயர் எழுதி வைத்திருந்தாள். என் துணி துருப்பிடித்த கதையையே நான் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்களில், அந்தப் பெண் அந்த அனலில் உட்கார்ந்து எலும்பெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பூபாலன் கடப்பாரையை என்னிடம் நீட்டினான். "மனு குடுத்தது நீதானே மைதிலிக்கா? மொத அடி நீயே போடு!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஞானகுமாரிதான் அதிகம் சிரித்தாள். நான் ரெனிதாவைப் பார்த்தேன். "இடிங்க ஆன்ட்டி. எலும்பெல்லாம் எனக்கு தலைல கீது" என்றாள். ஓங்கி ஒன்று போட்டேன். கல் அசையவில்லை, என் தோள்தான் அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சிமெண்ட் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாலை நான்கு மணிச் சங்கு ஊதி முதல் ஷிப்ட் ஆட்களும் வந்து சேர, இருட்டுவதற்குள் கொல்லை வெறுந்தரையாகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கவேல் லிஸ்டோடு வந்தபோது சுவரில் வெள்ளை இன்னும் காயவில்லை. அவர் கொல்லைக்குப் போய், ஷெட் இருந்த இடத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் நின்றார். வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார்.

மின்விசிறி இரண்டு, சரி. சுவிட்ச் போர்டு, சரி. கதவுத் தாழ்ப்பாள், சரி. சமையலறைக்கு வந்ததும் பேனா நின்றது.

"இங்க பித்தளைக் குழாய்னு இருக்கு. இது பிளாஸ்டிக்."

ஞானகுமாரியின் முகம் வெளுத்துவிட்டது. பழைய குழாய் ஒழுகுகிறது என்று செபாஸ்டியன் எப்போதோ மாற்றியிருந்தார். அந்தப் பழைய மாடலில் டிபார்ட்மெண்ட் முத்திரை இருக்கும். ஆவடி மார்க்கெட் முழுக்கச் சுற்றினாலும் அது கிடைக்காது.

"சார், அது பழைய சாமானோட மேல என் வீட்டில இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றேன். கூசாமல் சொன்னேன். பிறகு படிக்கட்டில் நின்று ரகுநாதனுக்குக் குரல் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் தங்கவேலை டீயும் முறுக்குமாக உட்கார வைத்தோம். ரகுநாதன் முட்டிவரை நனைந்த லுங்கியோடு ஒரு பித்தளைக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தங்கவேல் அதைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை இருந்தது. "ஈரமா இருக்கே?" என்றார்.

"கழுவிக் கொண்டாந்தேன் சார்" என்றார் ரகுநாதன்.

தங்கவேல் மேலே எங்கள் வீட்டைப் பார்த்தார். ரகுநாதனின் லுங்கியைப் பார்த்தார். பிறகு ரெனிதாவைப் பார்த்தார். "மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு லிஸ்ட்டில் டிக் அடித்தார். இன்றைக்கும் எங்கள் சமையலறையில் பிளாஸ்டிக் குழாய்தான். நாங்கள் காலி பண்ணும்போது வருவதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

சாவியை வாங்கிக்கொண்டு அவர் போனார். எஸ்டேட் ஆபீசின் பெரிய அதிகாரி சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும்போது மணி மூன்றே முக்கால். பஸ்ஸை நம்ப முடியாது. பூபாலன் குட்டியானையைக் கிளப்பினான். முன்னால் ஒருவர் உட்காரும் இடத்தில் நானும் ஞானகுமாரியும் நெருக்கி உட்கார்ந்தோம். பின்னால் ரெனிதா, அவள் பெட்டி, அவளுடைய படிப்பு மேசை. மேசையை எதற்கு ஏற்றினாள் என்று இன்றுவரை தெரியவில்லை. பருத்திப்பட்டு தாண்டியதும் ஒரு லாரி மறித்து நின்றது. பூபாலன் தலையை வெளியே நீட்டி, "யோவ் நைனா, எங்க பொண்ணு காலேஜுக்குப் போவுது, வழிய உடுய்யா!" என்று கத்தினான். லாரிக்காரன் ஒதுங்கினான். கரையான்சாவடி சிக்னலில் நின்ற நேரமெல்லாம் ஞானகுமாரி சர்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முணுமுணுவென்று ஜெபமாலை சொன்னாள். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. ஒவ்வொரு ஆமென்னுக்கும் நானும் ஆமென் போட்டேன்.

நான்கு நாற்பத்தெட்டுக்கு ஷோபனா மேடத்தின் மேசை முன்னால் நின்றோம். தலையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"முந்தாநாள்தானேம்மா சொன்னேன். அதுக்குள்ள வீட்டையே காலி பண்ணிட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்ப இன்னைக்கு ராத்திரி நீங்க எங்க இருப்பீங்க?"

நான் பெருமையாக வாயைத் திறந்தேன். ஞானகுமாரி என் காலை நன்றாக மிதித்தாள். "எங்கனயாவது இருந்துக்கிடுவேன் மேடம். இவளுக்கு இடம் வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் வீடும் அதே ஆவடிதான்.

ஷோபனா மேடம் பேனாவை எடுத்தார். பழைய முகவரியை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே தெலங்கானா தொழிற்சாலையின் பெயரை எழுதினார். கீழே, தற்போதைய முகவரி என்ற இடத்தில், அறை எண் 118 என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த முத்திரைச் சத்தம் கேட்டதும் ரெனிதா குதித்தாள். வாசலில் நின்ற பூபாலன் விசிலடித்து, காவலாளியிடம் திட்டு வாங்கினான்.

அறைக்குப் போனோம். மற்ற இரண்டு பெண்களும் இன்னும் வரவில்லை. கதவில் மூன்று பெயர்கள் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. மூன்றாவது பெயரின் மை இன்னும் ஈரம். ரெனிதா அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள். ஞானகுமாரி வழக்கம்போலக் குழாயைத் திறந்து பார்த்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். காலை மேலே தூக்கி, மகளின் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். பதினோரு வருஷத்தில் அவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடினாள். இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனாள், சுண்ணாம்புத் தலையோடு, வாயை லேசாகத் திறந்தபடி.

கால்மணி நேரம் கழித்து ஷோபனா மேடம் எட்டிப் பார்த்தார். "அம்மா, விசிட்டர்ஸ் கட்டில்ல படுக்கக் கூடாது. எழுப்புங்க" என்றார்.

"எழுப்ப மாட்டேன் மேடம்" என்றேன். "பாளையங்கோட்டையில படிச்சப்ப அவளுக்குக் கிடைக்க வேண்டிய கட்டில் இது. இப்பதான் வந்திருக்கு. தூங்கட்டும்."

ஷோபனா மேடத்துக்குப் பாளையங்கோட்டை என்னவென்று புரிந்திருக்காது. ஆனாலும் உள்ளே வந்து, மின்விசிறியை இரண்டு புள்ளி கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.